கிரேன் கேட்காத வசனம்

நிவேதா மூன்றாவது முறையாக “ஆக்‌ஷன்” சொன்னாள். நடிகர் மூன்றாவது முறையாக ஒரு பக்க வசனத்தைப் பேசி முடித்துக் கண்ணீரும் விட்டார். அவருக்குப் பின்னால் தரையிலிருந்து மேலே எழவேண்டிய மரப்பெட்டி மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது.

திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகிற சாலையில், கடல் பக்கமாக இருக்கும் ஒரு பழைய யார்டு அது. காலை பத்து மணி. காற்றில் நிலக்கரித் தூசி வந்துகொண்டிருந்தது. மேக்கப் போடுகிறவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடிவந்து நடிகரின் மூக்கைத் துடைத்தார். எங்கள் துறைமுகத்து ஆட்களுக்கு அந்தத் தூசி பழக்கம். வெள்ளை வேட்டியை வீட்டுக்குள்ளேயே காயப்போடுகிறவர்கள் நாங்கள்.

உதவி இயக்குநர் கிரேனின் ஏணியில் பாதி ஏறி ஏதோ கேட்டுவிட்டு இறங்கி வந்தார். “மேடம், சிக்னல் யாருன்னு கேக்குறாரு.”

தான் ஆக்‌ஷன் சொல்வதுதான் சிக்னல் என்று சொல்லச் சொன்னாள் நிவேதா. அவர் மறுபடியும் ஏறினார். இந்தத் தடவை பதில் கேபினிலிருந்து நேராகவே வந்தது.

“சினிமா சத்தத்துக்கெல்லாம் கிரேன் ஓடாதும்மா. கீள ஒரு கை வோணும்.”

அந்தக் குரலைக் கேட்டதும் நான் டீ அண்டாவுக்குப் பின்னால் நகர்ந்தேன். மேலே உட்கார்ந்திருந்தது காதர் மொய்தீன். படமாகிக்கொண்டிருந்தது என்னுடைய சிறுகதை. அதில் வருகிற இரண்டு பேரில் ஒருவன் காதர், இன்னொருவன் நான். காதர் என்னோடு பேசுவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஓய்வுக்குப் பிறகு அவன் இந்த யார்டில் கிரேன் ஓட்டுகிறான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

படம் வெளிவந்த பிறகு சில வாசகர்கள், “உங்கள் கதையின் நடையையும் வசனத்தையும் இப்படிக் கெடுத்துவிட்டார்களே, சும்மாவா இருந்தீர்கள்?” என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். சும்மா இருக்கவில்லை. நிறையச் சண்டை போட்டேன். எதற்காகப் போட்டேன், யாரிடம் தோற்றேன் என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். தோற்றதைச் சந்தோஷமாகவே சொல்கிறேன்.

ஒரு கிரேனுக்கு ஒரு கை

துறைமுகம் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். கிரேன்காரன் உயரத்தில் இருப்பான். கப்பலின் சரக்கறைக்குள் என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. மேல்தட்டில், சரக்கறையின் விளிம்பில் நிற்கிற சிக்னல்மேன்தான் அவனுக்குக் கண். ஓய்வு பெறும்வரை நான் பார்த்தது அந்த வேலைதான்.

ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு. வலது கையை உயர்த்தி உள்ளங்கையை விரித்தால் நில். வாயால் சொல்வதானால் தூக்குவதற்கு ‘ஹாபிஸ்’, இறக்குவதற்கு ‘ஆரியா’. எந்த நாட்டு மாலுமி விட்டுப்போன வார்த்தைகளோ, எங்கள் ஆட்கள் சொந்த வார்த்தையாக வைத்துக்கொண்டார்கள். ஆனால் இரைச்சலில் வாய் எடுபடாது. எல்லாம் கைதான்.

இதில் ஒரு சட்டம் உண்டு. ஒரு கிரேனுக்கு ஒரு கை. மேஸ்திரி கத்தினாலும், பெரிய அதிகாரி வந்து குதித்தாலும், கிரேன்காரன் தன் சிக்னல்மேனின் கைக்குத்தான் ஓட்டுவான். ‘நில்’ ஒன்றுக்கு மட்டும் விலக்கு. அதை யார் காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும். மூட்டை தூக்குகிறவர் காட்டலாம், டீ கொண்டுவருகிறவர் காட்டலாம். ஏன் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

இந்த வழக்கம் வீடுவரைக்கும் வந்துவிட்டது. இராயபுரத்தில் எங்கள் தெருக் கல்யாணப் பந்திகளில் ‘போதும்’ என்று யாரும் சொல்வதில்லை. உள்ளங்கை உயரும், சாம்பார் வாளி நின்றுவிடும். என் மனைவி விமலா துறைமுகத்துக்குள் கால் வைத்தவள் இல்லை. ஆனாலும் நான் என் கதைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவள் கையும் உயரும். நானும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்பதால் நிறுத்திவிடுவேன்.

பேரீச்சம்பழக் கப்பல்

காதரும் நானும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அவன் கிரேனில் கை வைத்தால் முட்டைக் கூடையைக்கூட உடையாமல் இறக்குவான் என்று துறைமுகத்தில் பேச்சு. மதியச் சாப்பாட்டில் அவன் டப்பாவில் பாதி எனக்கு வரும், என் டப்பா முழுசாக அவனுக்குப் போகும். நான் கொஞ்சமாகச் சாப்பிடுகிறவன் என்று அவனே முடிவு செய்திருந்தான்.

எனக்கு அப்போதே எழுத்துப் பைத்தியம். கையில் சிக்னல் ஓடிக்கொண்டிருக்கும், மண்டைக்குள் கதை ஓடிக்கொண்டிருக்கும். அன்று பேரீச்சம்பழப் பெட்டிகள் வந்த கப்பல். பெட்டிகளை வலையில் வைத்துக் கட்டிக் காதர் தூக்கிக்கொண்டிருந்தான். நான் விளிம்பில் நின்றபடி கடலைப் பற்றி ஒரு வாக்கியம் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு சொல் அமைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. அந்தச் சொல் கிடைத்து நான் நிமிர்ந்தபோது வலை விளிம்பில் மாட்டி இழுபட்டுக்கொண்டிருந்தது. கையை உயர்த்தியிருக்க வேண்டும். உயர்த்தவில்லை. உறைந்துபோய் நின்றேன்.

வலை கிழிந்தது. நல்லவேளை, கீழே ஆள் இல்லை. பெட்டிகள் தட்டில் விழுந்து உடைந்தன, பாதி கடலுக்குள் போனது. ஒரு வாரம் எங்கள் கேங்கில் எல்லார் வாயும் இனித்துக்கொண்டிருந்தது. அந்த வாரம் காசிமேட்டில் வாங்கிய வஞ்சிரம்கூடத் தித்தித்தது என்று விமலா இன்றைக்கும் சாதிப்பாள். நான் அவ்வளவு பாடுபட்டுப் பிடித்த அந்த வாக்கியத்தை எந்தக் கதையிலும் பயன்படுத்தவில்லை. திரும்பிப் படித்தபோது அது சுமாராகத்தான் இருந்தது.

இதுவரைக்கும் சிரிக்கலாம். அடுத்தது சிரிக்கிற விஷயம் இல்லை. விசாரணை வைத்தார்கள். நில் காட்டினாயா என்று என்னைக் கேட்டார்கள். காட்டினேன் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். வீட்டில் கைக்குழந்தை, வேலை போய்விடுமோ என்று பயம். காரணங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம், ஆனால் நான் சொன்னது பொய். நான் நில் காட்டியிருந்தால் நிறுத்தாதது காதரின் தப்பு என்று ஆனது. அவனைக் கிரேனிலிருந்து இறக்கிக் கிடங்கில் ஃபோர்க்லிப்ட் ஓட்ட அனுப்பினார்கள். அன்றோடு அவன் என்னிடம் பேசுவதை விட்டான்.

ஒன்றரை வருடமோ இரண்டு வருடமோ கழித்து அவனை மறுபடி கிரேனில் ஏற்றினார்கள். யாருடைய குறும்போ, சிக்னலுக்கு மறுபடியும் என்னையே போட்டார்கள். நான் கை காட்டுவேன், அவன் ஓட்டுவான். ஒரு வித்தியாசம் மட்டும் இருந்தது. முன்பெல்லாம் என் விரல் சுழலும்போதே கொக்கி நகர்ந்துவிடும். இப்போது ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்துத்தான் நகரும். அந்த நேரத்தில் காதர் எட்டிப் பார்த்துத் தானே ஒருமுறை சரிபார்த்துக்கொள்வான். வேறு யாருக்கும் அது தெரியாது. கடைசி நாள்வரை என் கைக்கு மட்டும் அந்த ஒரு மூச்சுத் தாமதம் கிடைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் எனக்கு வலித்தது.

சண்டை எங்கள் இரண்டு பேரோடு சரி. விமலாவும் காதர் வீட்டம்மாவும் ஒரு நாள்கூடப் பேசாமல் இருந்ததில்லை. பெருநாளுக்கு விமலா போய்ப் பிரியாணி வாங்கி வருவாள், பொங்கலுக்கு இங்கிருந்து கரும்பு போகும். அந்தப் பிரியாணியை ஒரு கட்டு கட்டிவிட்டுத் தெருவில் எதிரே வரும் காதரைப் பார்த்ததும் செருப்பைக் குனிந்து சரிசெய்கிற ஆசாமியாக இருந்தேன் நான்.

நண்பா, என்ன நேர்ந்தது?

நேரில் சொல்ல வாய் வராததைக் கதையாக எழுதினேன். ஒரு பத்திரிகையில் வந்தது. கடிதங்கள் வந்தன, சின்னதாக ஒரு பரிசும் கிடைத்தது. அந்தக் கதையின் உயிர் ஒரு வாக்கியம்: ‘அன்று அவன் கை உயரவில்லை.’ அதைக் காதர் படித்திருக்க மாட்டான் என்று எனக்கு நிச்சயம். அவன் பத்திரிகை பக்கம் தலைவைத்துப் படுக்காதவன். சினிமா என்றால் மட்டும் முதல் நாளே போய்விடுவான்.

அதனால்தான், வியாசர்பாடியிலிருந்து நிவேதா என்ற பெண் கதையின் நகலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, படமாக எடுக்கலாமா என்று கேட்டபோது, உடனே சம்மதித்தேன். என் மனதில் இருந்தது ஒன்றுதான். திரையில் அந்த வாக்கியம் வரவேண்டும். இருட்டில் உட்கார்ந்து காதர் அதைக் கேட்கவேண்டும். வேறு எது போனாலும் போகட்டும்.

போகட்டும் என்று நினைத்தது ஈஸி. நிஜமாகவே ஒவ்வொன்றாகப் போனபோது நான் ஆடிப்போனேன்.

முதலில் வசனம். என் கதையில், வலை கிழிந்ததும் கிரேன்காரன் இறங்கி வந்து, “நண்பா, என்ன நேர்ந்தது உனக்கு?” என்று கேட்பான். நிவேதா எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அதைச் சத்தமாகப் படித்தாள். அடுப்படியில் விமலா சிரிக்கிற சத்தம் கேட்டது.

“சார், எங்க அப்பா ஆர்பர்ல மூட்டை தூக்குனவரு. ‘என்ன நேர்ந்தது’ன்னு அவரு கேட்டிருந்தா, கூட இருந்தவங்க ஜுரம் அடிக்குதான்னு தொட்டுப் பாத்திருப்பாங்க” என்றாள் நிவேதா.

எனக்குக் கோபம் வந்தது. என் பக்க நியாயத்தைச் சொன்னேன். நான் பார்த்து வளர்ந்த சினிமாவில் எங்கள் பேச்சைப் பேசியவர்கள் அடிக்கிறவர்களாக இருப்பார்கள், இல்லையென்றால் அடிவாங்கிச் சிரிக்க வைக்கிறவர்களாக இருப்பார்கள். ‘இன்னா’ என்று ஒருவன் வாயைத் திறந்தாலே தியேட்டரில் சிரிப்பு. என் ஆட்களைப் பார்த்து யாரும் சிரிக்கக்கூடாது என்றுதான் நல்ல தமிழைப் பேச வைத்தேன். அது நான் அவர்களுக்குச் செய்த மரியாதை என்றேன்.

“மரியாதை குடுக்குறேன்னு அவங்க வாயையே எடுத்துட்டீங்களே சார்” என்றாள்.

இரண்டு நாள் அவள் கூப்பிட்டபோது நான் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் மாற்றி எழுதிய பக்கங்களைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டு, விமலாவிடம் காப்பி வாங்கிக் குடிக்கப் போய்விட்டாள். வேண்டாவெறுப்பாகத்தான் எடுத்துப் பார்த்தேன். என் வரி இருந்த இடத்தில், “இன்னாடா ஆச்சு ஒனக்கு? எங்க கீது புத்தி?” என்று இருந்தது.

அது காதரின் குரல். தட்டில் சிதறிக் கிடந்த பெட்டிகளுக்கு நடுவில் நின்று அவன் என்னைக் கேட்டது அச்சு அசலாக இதுதான். நிவேதா அப்போது பிறந்திருக்கக்கூட மாட்டாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன். அவள் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, அவள் அப்பா வீட்டில் பேசியதை எழுதியிருந்தாள். நான்தான் தெரிந்த குரலை மறைத்து வைத்திருந்தேன். அன்று காப்பியோடு வசனத்தையும் விட்டுக்கொடுத்தேன்.

மூன்று பக்கமும் ஒரு டீயும்

அடுத்து நடை. விசாரணை முடிந்து வருகிற சிக்னல்மேனின் மன ஓட்டத்தை மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தேன். குற்ற உணர்வு, குழந்தை முகம், கடல், திரும்பவும் குற்ற உணர்வு. பரிசு கொடுத்தவர்கள் அந்த மூன்று பக்கத்தைத்தான் பாராட்டினார்கள். படத்தில் அதை எப்படிக் கொண்டுவருகிறாய் என்று பெருமையோடு கேட்டேன்.

“டீக்கடைல நிப்பாரு சார். டீயைக் கையில வச்சிக்கினே ஆற வுட்ருவாரு.”

“அப்புறம்?”

“குடிக்காம வச்சிட்டுப் போயிடுவாரு.”

மூன்று பக்கத்துக்கு ஒரு ஆறிப்போன டீ. விமலாவிடம் புலம்பினேன். விசாரணை நடந்த அன்று நான் வீட்டில் மூன்று காப்பியை அப்படியே ஆறவிட்டதாகவும், அப்போதே ஏதோ தப்பு செய்திருக்கிறேன் என்று தனக்குப் புரிந்துவிட்டதாகவும் அவள் சொன்னாள். எனக்கு அது நினைவே இல்லை.

சரி, அதுவும் போகட்டும். ஆனால் அந்த ஒரு வாக்கியம் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். பின்னணியில் ஒரு குரல் சொன்னால் போதும், நானே வந்து பேசுகிறேன் என்றுகூடச் சொன்னேன். நிவேதா கதையின் நகலைப் புரட்டி அந்த வரியைக் காட்டினாள்.

“‘கை உயரவில்லை’ன்னு நீங்க எழுதிடலாம் சார். நடக்காத ஒண்ண நான் எப்படிப் படம் எடுக்கறது? சும்மா நிக்கிற ஆளைக் காட்டுனா, சும்மா நிக்கிறான்னுதான் நெனப்பாங்க.”

கடைசியில் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, வருடங்கள் கழித்துச் சிக்னல்மேன் கிரேனுக்குக் கீழே நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிற மாதிரி ஒரு பக்க வசனம் எழுதிக் கொடுத்தாள். கிரேனுக்குக் கீழே நின்று பேசினால் மேலே ஒரு எழுத்துக்கூடக் கேட்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் சரி என்றேன். காதர் காதில் அது விழுந்தால் போதும் என்றிருந்தேன்.

அந்த வசனத்தைத்தான் நடிகர் மூன்று முறை பேசி முடித்திருந்தார்.

டீ அண்டாவுக்குப் பின்னால்

“சார், நீங்க சிக்னல்மேன் தானே? அங்க என்ன பண்றீங்க?” என்று நிவேதா கூப்பிட்டாள். யூனிட் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. வேறு வழியில்லாமல் வெளியே வந்தேன். கேமராவில் விழாத மாதிரி, கிரேனிலிருந்து தெரிகிற மாதிரி ஓர் இடத்தில் என்னை நிறுத்தினார்கள்.

நிமிர்ந்து பார்த்தேன். காதர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாடி முழுக்க நரைத்திருந்தது. கிரேன்காரனுக்கு ஓர் உரிமை உண்டு. நம்பிக்கை இல்லாத கைக்கு ஓட்ட மாட்டேன் என்று அவன் சொல்லலாம், யாரும் கேள்வி கேட்க முடியாது. அத்தனை பேர் முன்னால் அவன் அப்படிச் சொல்லிவிட்டால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன்?

நிவேதா ஆக்‌ஷன் சொன்னாள். ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றினேன்.

ஒரு மூச்சு போயிற்று. பிறகு பெட்டி தரையை விட்டு எழுந்தது. அந்த ஒரு மூச்சுத் தாமதம் இன்னும் அப்படியேதான் இருந்தது. இருக்கட்டும், ஓட்டினானே என்று நினைத்துக்கொண்டேன். பக்கவாட்டில் நகர்த்தச் சொல்லிக் காட்டினேன். மறுபடியும் ஒரு மூச்சு கழித்துப் பெட்டி நகர்ந்தது.

நடிகர் வசனத்தை ஆரம்பித்தார். நல்ல நடிகர், உணர்ச்சி ஏற ஏற ஒவ்வோர் அடியாகப் பின்னால் போனார். ஒத்திகையில் அது கிடையாது. பெட்டி வந்துகொண்டிருந்த பாதைக்கு நேர் கீழே அவர் முதுகு போய்க்கொண்டிருந்தது.

என் வலது கை உயர்ந்தது.

கை முழுசாக உயர்வதற்குள் பெட்டி நின்றுவிட்டது. எட்டிப் பார்க்கவில்லை, சரிபார்க்கவில்லை, அந்த ஒரு மூச்சு இல்லவே இல்லை. பேரீச்சம்பழக் கப்பலுக்கு முன்னால் எப்படி நிறுத்துவானோ அப்படி நிறுத்தினான். நடிகர் தலைக்கு மேல் நிழலைப் பார்த்து நிமிர்ந்து, வசனத்தைப் பாதியில் விட்டு ஓடி வந்தார். என் கை மட்டும் கீழே இறங்காமல் உள்ளங்கை விரிந்தபடி நின்றது. நான் அழுதுகொண்டிருந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

நிவேதா கட் சொல்லவில்லை. என் கையைப் பார்த்தாள், மேலே நின்ற பெட்டியைப் பார்த்தாள், கேபினைப் பார்த்தாள். யாரும் அவளுக்கு எதையும் விளக்கவில்லை. உதவி இயக்குநர் கையிலிருந்த வசனப் பக்கத்தை வாங்கி நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“வசனம் வேணாம் சார். கை போதும்.”

படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் காட்சியில் வலை கிழியும்போது சிக்னல்மேனின் கை தொடையோடு ஒட்டியிருக்கும். கடைசியில் அதே கை உயரும். அவ்வளவுதான். நடிகருக்கு அன்று மதியம் முழுக்கக் கையை எப்படி உயர்த்துவது என்று சொல்லிக்கொடுத்தேன். முதலில் பஸ்ஸை நிறுத்துகிற மாதிரிதான் வந்தது.

குந்து

அதற்கு முன்னால் ஒரு டீ இடைவேளை விட்டார்கள். காதர் ஏணியில் மெதுவாக இறங்கி வந்தான். அண்டாவிலிருந்து இரண்டு கிளாஸ் பிடித்தான். ஒன்றை என் பக்கத்தில் கிடந்த இரும்புக் குழாய்மேல் வைத்தான்.

“குந்து.”

உட்கார்ந்தேன். எழுதிய வாக்கியம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. வந்ததைச் சொன்னேன். “நான் அன்னிக்குக் கை காட்டல காதரு. காட்டுனேன்னு பொய் சொன்னேன்.”

அவன் டீயை ஊதினான். “தெரியும். மேல குந்திகினு நான் வேற எத்தப் பாத்தேன்? உன் கையத்தான பாத்துகினு இருந்தேன்.”

அதைக் கதையாக எழுதியிருக்கிறேன் என்றேன். அதுவும் தெரியுமாம். பத்திரிகையில் வந்த வாரமே அவன் மகள் படித்துக் காட்டினாளாம். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. இத்தனை வருடமும் நான் ரகசியம் என்று பொத்திவைத்திருந்தது அவன் வீட்டு அலமாரியில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்திருக்கிறது.

“ஊருக்கே எளுதிக் காட்டுன. ரெண்டு தெரு தள்ளிக் கீறேன், என் வூட்டுக்கு வந்து சொல்றதுக்கு இன்னா? பெருநாளைக்குப் பெருநா, பிரியாணி வாங்க நீயே வருவேன்னு பாத்துகினு இருப்பேன். வூட்டம்மாவ அனுப்பிடுவ.”

டீ ஆறிக்கொண்டிருந்தது. அதைக் காட்டி, ‘குடி’ என்று தலையை ஆட்டினான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். அவன் சிரித்தால் தோள் ரெண்டும் குலுங்கும், அதைப் பார்த்து எத்தனை காலமாகியிருந்தது.

“இன்னா மாமு, ஒரு கையத் தூக்க இத்தினி வருசமா?”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுத கண்ணோடு சிரித்ததில் டீ சட்டையெல்லாம் ஆனது. பின்னால் திரும்பினால் நிவேதா நோட்டுப் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தாள். இந்த வரியைப் படத்துக்கு எடுத்துக்கொள்ளட்டுமா பாய் என்று கேட்டாள்.

“எட்த்துக்கோம்மா. பேரு மட்டும் போட்ரணும்” என்றான் காதர். அப்புறம் கொஞ்சம் கவலையோடு கேட்டான். “இவன் கதைல என்னிய ‘நண்பா’ன்னு பேச வச்சிகீறான். அத்தத் தூக்கிட்ட தான?”

தூக்கிவிட்டேன் என்றாள். அவளுக்குக் கோடிப் புண்ணியம் என்றான்.

எழுந்திருக்காதீர்கள்

படம் வந்த முதல் நாள் இரண்டு குடும்பமும் ஒன்றாகப் போனோம். எங்கள் பகுதித் தியேட்டர். பாதி அரங்கம் பழைய துறைமுக ஆட்கள், அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். காதர் புதுச் சட்டை போட்டு அத்தர் பூசிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். திரையில் ஒருவர் “இன்னாடா ஆச்சு ஒனக்கு?” என்று கேட்டபோது அரங்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். டீ ஆறியபோது விமலா என் கையைக் கிள்ளினாள்.

கடைசியில் கை உயர்ந்தது. கிரேன்காரன் இறங்கி வந்து, “ஒரு கையத் தூக்க இத்தினி வருசமா?” என்று கேட்டதும் தியேட்டரே கை தட்டியது. அதுதான் படத்தின் கடைசி வசனம். என் கதையின் கடைசிப் பத்தியை நான் பதினோரு தடவை திருத்தி எழுதியிருந்தேன். அதில் ஒரு வரிகூடப் படத்தில் இல்லை. நானும்தான் கை தட்டினேன்.

விளக்குகள் எரிந்தன. திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. சனங்கள் எழுந்து வாசலைப் பார்த்து நகரத் தொடங்கினார்கள். காதர் பதறிப்போய் எழுந்து, நடைபாதையில் இறங்கி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நின்றான். வலது கையை உயர்த்தி உள்ளங்கையை விரித்தான்.

துறைமுக ஆட்கள் முதலில் நின்றார்கள். யார் காட்டினாலும் நிறுத்த வேண்டிய கை அது. நின்றவர்கள் அப்படியே உட்கார்ந்தார்கள். ஒன்றும் புரியாத மற்றவர்களும் என்னவோ ஏதோ என்று உட்கார்ந்தார்கள். வாசல் கதவைத் திறந்துகொண்டிருந்த ஊழியர்கூட அப்படியே நின்றுவிட்டார்.

என் பெயர் எப்போதோ ஓடிப்போயிருந்தது. அதை நான் பார்க்கவில்லை. காதரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை பார்த்த காலமெல்லாம் அவன் என் கையைப் பார்த்தான். அவன் கைக்காக நான் காத்திருந்தது அன்றுதான்.

மேக்கப், உடை, சாப்பாடு என்று வரிசையாகப் போய்க் கடைசியில் வந்தது: ‘கடைசி வசனம்: காதர் மொய்தீன்.’ அவன் மகள் அதைச் சத்தமாகப் படித்தாள்.

காதர் திரும்பி என்னைப் பார்த்தான். ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றினான். அரங்கம் மொத்தமும் சிரித்துக்கொண்டே எழுந்தது. எல்லாரையும் முந்திக்கொண்டு எழுந்தவன் நான்தான்.